அண்ணன் என்று அழைப்பவர்களும் பட்டியலில் இல்லாதவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குத் திமோர் 2025 ஒக்ரோபர் 26ஆம் திகதி கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பின் 11ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்ததை ஒட்டி, அந்நாட்டுப் பிரதமர் சனானா குஸ்மாவோவையும் அவருடைய முன்னாள் போராளிகளையும் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2008 முதல் 2010 வரை அந்நாட்டுத் தலைநகர் டிலியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்காளராக வேலை பார்த்தவன் என்ற முறையில், கட்டுரையில் பெரும்பகுதி உண்மை என்று என்னால் சொல்ல முடியும். காட்டிலும் பின்னர் சிறையிலும் இருந்தபடி தங்களுக்குத் தலைமை தாங்கியவரை, அவர் ஜனாதிபதியும் பிரதமரும் ஆகிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிற நிலையிலும், அந்தப் போராளிகளில் பெரும்பாலானோர் கைவிடவில்லை. ஆனால் இந்தப் பற்றை விசுவாசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, வீரர்கள் இவ்வளவு நம்பும் தளபதி நாடாளவும் தகுந்தவரே என்று கட்டுரையாளர் முடிவு கட்டிவிட்டார். நான் அங்கே கண்டது விசுவாசத்தைவிடக் கொடுக்கல் வாங்கலுக்கு நெருக்கமான ஒன்று. யார் யாருக்கு என்ன கடன் என்று எழுதிவைத்த பதிவேடு அதற்கு உண்டு. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களும் உண்டு. கட்டுரை தொடாமல் விட்ட அந்தப் பதிவேட்டைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் 1986ஆம் ஆண்டு, இந்தோனேசிய ஆக்கிரமிப்பை எதிர்த்துக் காட்டில் போரிட்ட ‘ஃபலிந்தில்’ என்ற விடுதலைப் படையில் சேர்ந்தவர். அவருடைய முன்கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், தாடியும் படைச்சீருடையுமாக குஸ்மாவோவின் பழைய படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. பேச்சில் அவர் ஒருநாளும் பிரதமர் என்று சொல்லிக் கேட்டதில்லை. “மவுன் பூட்” என்பார். தேத்தும் மொழியில் அதற்குப் பெரியண்ணன் என்று பொருள். அண்ணன் என்ற சொல்லின் பாரத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அமைச்சரிடம் மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போம்; அண்ணனிடம் அப்படி இல்லை, நேரே போய் முற்றத்தில் நின்றுவிடலாம். டிலியில் முன்னாள் போராளிகள் செய்ததும் அதுதான்.

இந்த உறவு வளர்ந்த விதத்தைக் கட்டுரை ஒரே பத்தியில் கடந்துவிட்டதால் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டை ஆண்டுவந்த போர்த்துக்கேயர் விலகிய வேளையில், 1975 ஆகஸ்ட் 20ஆம் திகதி, விடுதலை கோரிய ஃபிரெதிலின் கட்சியின் ஆயுதப் பிரிவாக ஃபலிந்தில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 7ஆம் திகதி இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1978இன் கடைசி நாளில், தலைவர் நிக்கொலாவு லொபாத்தோ கொல்லப்பட்டார். அவருடைய உடல்கூடக் குடும்பத்தாருக்குக் கிடைக்கவில்லை. சிதறிப்போன எஞ்சிய குழுக்களைத் தேடி மலைமலையாக நடந்து, 1981இல் ஒரு மாநாட்டைக் கூட்டித் தலைமையை ஏற்றவர் குஸ்மாவோ. 1987இல் அவர் கட்சியிலிருந்து விலகி, ஃபலிந்தில் இனி எந்தக் கட்சிக்கும் உரியதல்ல, நாட்டுக்கே உரியது என்று அறிவித்தார். கட்டுரையாளர் இதைப் பெருந்தன்மை என்று புகழ்கிறார். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து போராளிக்கும் தளபதிக்கும் நடுவில் கட்சி என்ற ஒன்று இல்லாமற்போனது என்பதையும் பார்க்க வேண்டும். கட்சியைக் கேள்வி கேட்கக் கிளை உண்டு, மாநாடு உண்டு. தளபதியைக் கேள்வி கேட்க என்ன உண்டு? 1992 நவம்பரில் டிலியில் மறைந்திருந்த வீட்டில் அவர் பிடிபட்டு, ஆயுள் தண்டனை பெற்று, பின் அது 20 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டு ஜகார்த்தாவின் சிப்பினாங் சிறையில் இருந்தபோதும், காட்டில் இருந்தவர்கள் அவரையே தலைமைத் தளபதியாகக் கொண்டு கடிதங்கள் வழியே கட்டளை பெற்றார்கள். அந்தக் கடிதங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் போர்க்களக் கதைகளைப் பெரிதாகச் சொல்பவர் அல்லர். ஆனால் 1999 செப்டெம்பரைப் பற்றி மட்டும், மின்சாரம் நின்ற ஓர் இரவில், கேட்காமலே சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதமானோர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற யோசனையை நிராகரித்து விடுதலைக்கு வழி திறந்தார்கள். அதற்கு முன்பே ஃபலிந்தில் படையினர் குஸ்மாவோவின் கட்டளைப்படி உவைமோரி முதலிய முகாம்களுக்குள் தாமாகவே ஒதுங்கியிருந்தனர். முடிவு வெளியானதும் இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் குழுக்களும் அவர்களுக்குத் துணைநின்ற இந்தோனேசியப் படையினரும் ஊர்களைக் கொளுத்தத் தொடங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முகாமில் இருந்தவர்களின் கையில் துப்பாக்கி இருந்தது; எரிந்த வீடுகளில் அவர்களுடைய தாயும் மனைவியும் இருந்தார்கள். களத்தில் பொறுப்பிலிருந்த தளபதி தவுர் மத்தான் ருவாக், ஜகார்த்தாவில் வீட்டுக்காவலில் இருந்த குஸ்மாவோவிடம் வெளியேறிப் போரிட அனுமதி கேட்டார், அனுமதி மறுக்கப்பட்டது. போராளிகள் இறங்கியிருந்தால் உலகத்தின் முன் அது உள்நாட்டுப் போராகக் காட்டப்பட்டிருக்கும், செப்டெம்பர் 20ஆம் திகதி வந்திறங்கிய பன்னாட்டுப் படை வராமலே போயிருக்கலாம் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்கு மலையில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? “பதின்மூன்று வருடம் சுடச் சொன்னார், சுட்டேன். அந்த மூன்று வாரம் சுடாதே என்றார். அதுதான் பெரிய சண்டை,” என்றார் வீட்டுக்காரர். அவருடைய தமக்கையின் வீடு அந்த வாரங்களில்தான் எரிந்தது.

கடன் என்று நான் சொல்வது இங்கேதான் பிறக்கிறது. உயிரைக் கொடு என்று கேட்பதைவிடப் பெரிய ஒன்றைத் தளபதி கேட்டார்; அவர்கள் கொடுத்தார்கள். பதிலுக்கு என்ன கிடைத்தது?

2000 ஆகஸ்ட் 20ஆம் திகதி, படை தொடங்கி 25 ஆண்டு நிறைந்த நாளில், அய்லெயு என்ற மலைநகரத்தில் நடந்த விழாவில் குஸ்மாவோ தளபதிப் பொறுப்பைத் துறந்தார். 2001 பெப்ரவரி முதலாம் திகதி ஃபலிந்தில் கலைக்கப்பட்டுப் புதிய பாதுகாப்புப் படை உருவானபோது அதில் 650 பேருக்கே இடம் கிடைத்தது. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பெரும்பாலும் தளபதிகளே தீர்மானித்தார்கள். வெளியே நின்ற 1,308 பேருக்கு மாதம் 100 டொலர் வீதம் ஐந்து மாதங்களுக்குக் கொடுப்பனவும், தொழில் தொடங்கச் சிறு உதவியும் தரப்பட்டன. ஆக, கையில் 500 டொலர். என் வீட்டுக்காரர் அந்த 1,308 பேரில் ஒருவர். அந்தப் பணத்தில் இரண்டு பன்றிகளும் கூரைக்குத் தகரமும் வாங்கினாராம். பன்றிகள் நோயில் செத்துவிட்டன, தகரம் இருந்தது. அதன் கீழேதான் நான் இரண்டு ஆண்டு குடியிருந்தேன்.

அடுத்து வந்ததைக் கட்டுரையாளர் “துரதிர்ஷ்டவசமான குழப்பம்” என்று கடந்துவிடுகிறார். அதில் ஒரு சிறு விவரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். புதிய படையின் மேற்குப் பகுதி வீரர்கள், கிழக்கைச் சேர்ந்த பழைய போராளிகளுக்கே பதவி உயர்வில் முன்னுரிமை கிடைக்கிறது என்று முறையிட்டு 2006 ஜனவரியில் ஒரு மனு எழுதினார்கள். மனு படைத் தலைமைக்கோ பிரதமருக்கோ அல்ல, அப்போது ஜனாதிபதியாக இருந்த குஸ்மாவோவுக்கே முகவரியிடப்பட்டிருந்தது. பின்னர் அவர்கள் முகாமை விட்டு வெளியேறி ஜனாதிபதி மாளிகைக்கே போய் நின்றார்கள். அரசமைப்பின்படி அன்றைய ஜனாதிபதிக்கு நிர்வாக அதிகாரம் குறைவு. அவர்கள் அரசமைப்பைப் பார்த்து வரவில்லை, அண்ணனைப் பார்க்க வந்தார்கள். மார்ச் மாதத்தில் படையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான, ஏறத்தாழ 600 பேர் பணிநீக்கம் செய்யப்பட, குஸ்மாவோ தொலைக்காட்சியில் தோன்றி அந்த நீக்கம் நியாயமற்றது என்று பேசினார். முன்னாள் தளபதியின் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதற்கு ஜனாதிபதியின் சொல்லைவிடப் பன்மடங்கு வலு இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் டிலி எரிந்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அந்தப் பேச்சு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுவனங்களுக்குள் தீர்ந்திருக்க வேண்டிய முறைப்பாடு ஒரு மனிதரின் வாசலில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. குஸ்மாவோ பிரதமரான பிறகு, 2008இல், அந்த மனுதாரர்களுக்கு ஆளுக்கு 8,000 டொலர் கொடுத்துப் பிரச்சினை முடிக்கப்பட்டது. என் வீட்டுக்காரர் இந்தத் தொகையைக் கேள்விப்பட்ட நாளில் கோபப்படவில்லை. மேசையில் விரலால் 500 என்றும் 8,000 என்றும் எழுதிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன். ஜனாதிபதியாக இருந்தபோதே குஸ்மாவோ முன்னாள் போராளிகளைப் பதிவு செய்ய ஆணைக்குழுக்களை அமைத்தார். அந்தப் பதிவே 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2008 முதல் வழங்கப்பட்ட ஓய்வூதியத்துக்கும் அடித்தளம். உலகின் பல நாடுகள் தங்கள் போராளிகளை மறந்துபோன நிலையில் ஒரு சிறிய, வறிய நாடு இதைச் செய்தது பாராட்டத்தக்கதே. முதியோர் உதவித்தொகை மாதம் 30 டொலராக இருந்த காலத்தில் போராளிகளின் ஓய்வூதியம் அதைப் போலப் பல மடங்காக இருந்தது. எண்ணெய் வருமானம் அதற்குக் கைகொடுத்தது. ஆனால் தகுதி எப்படி அளக்கப்பட்டது? போராட்டத்துக்கு ஒருவர் முழுநேரமாக, வேறெந்த வேலையும் இன்றி அளித்த ஆண்டுகளின் எண்ணிக்கையே அளவுகோல். துப்பாக்கியோடு காட்டில் இருந்தவனுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். ஊருக்குள் இருந்துகொண்டு, பகலில் சந்தையில் காய்கறி விற்று, இரவில் காட்டுக்குச் சோறும் மருந்தும் கடிதமும் கொண்டுபோன பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்?

என் வீட்டுக்காரரின் மனைவி அப்படிப்பட்ட ஒரு தூதுவர். அங்கே அவர்களை “எஸ்தஃபேத்தா” என்பார்கள். எட்டாகவும் பதினாறாகவும் மடித்து விரல்நுனி அளவுக்குச் சிறிதாக்கிய கடிதங்களைக் கொண்டைக்குள் வைத்துக்கொண்டு, இந்தோனேசியக் காவலரண்களைக் கடந்து போனவர். 2009இல் மீண்டும் பெருமளவில் பதிவு நடந்தபோது கணவர் தம்முடைய பழைய பதிவுத் துண்டைப் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பொலித்தீன் உறையோடு மேசையில் வைத்தார். மனைவியிடம் வைப்பதற்கு எதுவும் இல்லை. கடிதத்தைச் சேர்த்ததும் பெற்றவர் அதை எரித்துவிட வேண்டும் என்பது காட்டிலிருந்து வந்த கட்டளை. கட்டளையை அவர்கள் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்கள். “எரிக்காத பெண்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்கள் பிடிபட்டார்கள்,” என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். சாட்சி சொல்ல ஒரு தளபதி வேண்டும் என்றார்கள். அவருக்குத் தெரிந்த தளபதி இறந்துபோயிருந்தார். உயிரோடு இருந்த மற்றொருவர் அப்போது எதிரணி அரசியலில் இருந்தார். நான் நாடு திரும்பும் வரை அவருடைய விண்ணப்பம் முடிவாகவில்லை.

ஆக, பட்டியலில் ஏறுவதற்குத் தளபதியின் வாய்ச்சொல் வேண்டும். தளபதிகளோ இப்போது கட்சித் தலைவர்கள். இந்த இடத்தில் பற்று எது, தேவை எது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? குஸ்மாவோ 2007இல் தொடங்கிய கட்சியின் பெயர்ச்சுருக்கத்தையும் பாருங்கள்: சி.என்.ஆர்.டி. 1999 வாக்குச்சீட்டில் விடுதலைத் தெரிவுக்கு அருகே கொடி அச்சிடப்பட்டிருந்த, விடுதலைக்குப் போராடியவர்களின் பழைய கூட்டமைப்பின் சுருக்கமும் அதே நான்கு எழுத்துகள்தான். விரிவு வேறு, எழுத்துகள் ஒன்று. எழுத்தறிவு குறைந்த மலைக்கிராமங்களில் அந்த எழுத்துகளுக்கு எவ்வளவு பெறுமதி என்பதைக் கணக்காளனாகிய நான் மதிப்பிட வேண்டியதில்லை. அவருடைய ஆட்சியில் ஊர்களின் சிறு கட்டுமான வேலைகளும் மின்சாரத் திட்டத்தின் சில பணிகளும் முன்னாள் போராளிகளின் நிறுவனங்களுக்குப் போயின. அமைதியைப் பணம் கொடுத்து வாங்குகிறார் என்று விமர்சகர்கள் சொன்னார்கள்; 2006ஐக் கண்டவர்கள் வாங்கினாலும் பரவாயில்லை என்றார்கள். டிலியின் தெருக்களில் எரிந்த வீடுகளின் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனவன் என்பதால், இரண்டாவது கூட்டத்தாரை என்னால் ஏளனம் செய்ய முடியவில்லை.

எல்லோரும் அண்ணனோடு நின்றார்கள் என்பதும் சரியல்ல. மவுக் மொருக் என்ற இயக்கப்பெயர் கொண்ட பழைய தளபதி 1984இலேயே குஸ்மாவோவின் தலைமையை எதிர்த்தவர். நெதர்லாந்தில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு 2013இல் நாடு திரும்பி, வறுமையில் கிடந்த முன்னாள் போராளிகளைத் திரட்டி அரசைச் சவாலுக்கு அழைத்தார். 2015 ஆகஸ்ட் 8ஆம் திகதி பாதுகாப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். முப்பது ஆண்டுக்கு முந்திய காட்டுச் சண்டை, சுதந்திர நாட்டின் மண்ணில் முடிந்தது. 1999இல் போரிட அனுமதி கேட்ட அதே தவுர் மத்தான் ருவாக், குஸ்மாவோவின் ஆதரவோடு 2012இல் ஜனாதிபதியானார். 2016இல் பாராளுமன்றத்திலேயே குஸ்மாவோவின் சுற்றத்தாருக்குப் போகும் சலுகைகளை இந்தோனேசியாவின் முன்னாள் சர்வாதிகாரி சுஹார்ட்டோவின் காலத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். 2018இல் மீண்டும் அவரோடு சேர்ந்து பிரதமரானார். 2020இல் மீண்டும் பிரிந்தார். கட்டுரையில் இவர்கள் இருவரைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

இவ்வளவும் எழுதியதால் குஸ்மாவோவின் மீது எனக்கு மதிப்பில்லை என்று யாரும் கொள்ள வேண்டாம். 2021 ஏப்ரலில், கொவிட் தொற்றோடு இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரின் உடலைக் குடும்பத்தாரிடம் தர மறுத்தபோது, எழுபத்து நான்கு வயதில் குஸ்மாவோ டிலியின் வேரா குரூஸ் சிகிச்சை நிலையத்துக்கு வெளியே தெருவில் படுத்துறங்கினார். நோய்த்தடுப்பு விதிகளின்படி அது தவறு என்பதே என் எண்ணம். ஆனால் படத்தைப் பார்த்தபோது, என் வீட்டுக்காரர் ஏன் அவரைப் பிரதமர் என்று அழைக்க மறுத்தார் என்பது எனக்குப் புரிந்தது. இறந்தவனை முறைப்படி அடக்கம் செய்யாமல் விட்ட நினைவுகள் காட்டிலிருந்து வந்த எல்லோருக்கும் உண்டு. அவர்களுள் ஒருவராகவே அவர் அந்தத் தெருவில் கிடந்தார். 2023 தேர்தலில் அவருடைய கட்சி 65 ஆசனங்களில் 31ஐப் பெற்றதற்கு ஓய்வூதியம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் வாசகர்களுக்கு இது எதற்கு என்ற கேள்வி எழலாம். ஈழத்தமிழர் மேடைகளில் கிழக்குத் திமோரின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. ஆனால் பேச்சு 1999 வாக்கெடுப்போடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு போராடியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கேட்பவர் குறைவு. இங்கே, அரசுக் கணக்கின்படி 12,000க்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். அவர்களுக்குச் சாட்சி சொல்லத் தளபதியும் இல்லை, பெயர் ஏறினால் பணம் வரும் பட்டியலும் இல்லை. பெயர் ஏறாமல் இருப்பதே நல்லது என்று எண்ணி வாழ்கிறவர்களை என் ஊரிலேயே அறிவேன். இரண்டு நிலைமையும் ஒன்றல்ல, ஒப்பிடுவதற்காக இதை எழுதவுமில்லை. திமோரை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் அதன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதப்போவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அவர் டிலிக்குப் போய்வருபவர் என்றும் அறிகிறேன். அடுத்த முறை தளபதிகளைச் சந்தித்த பிறகு, சந்தையில் காய்கறி விற்கும் அறுபது வயதைக் கடந்த பெண்களிடமும் ஒரு மணிநேரம் பேசிவிட்டு எழுதுமாறு தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். “எஸ்தஃபேத்தாவாக இருந்தவர் யார்?” என்று கேட்டால் போதும், கையைத் தூக்குவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.